பத்து வரைக்கும்

மெரிபேங்கில் வானத்தை யாரும் பார்ப்பதில்லை.
கொடியில் காயும் பாவாடை
எந்தப் பக்கம் உப்புகிறது என்று பார்ப்போம்.
கடலிலிருந்து காற்று என்றால் ஓட்டப் பயிற்சி உண்டு.
எண்ணெய் ஆலையிலிருந்து என்றால்
அழுகிய முட்டை வாசம்,
சன்னலைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

எனக்குப் பதின்மூன்று வயது.
என் கால்கள் நல்ல கால்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்,
வேறு யாரும் சொன்னதில்லை.
நெஞ்சுதான் சரியில்லை.
நீல நிறப் பம்ப் ஒன்றை
இடுப்பு எலாஸ்டிக்கில் செருகி வைத்திருந்தேன்.
மிஸ் முன்சாமிக்குத் தெரிந்தால் பட்டியலில் பேர் அடிபடும்.
ஓடும்போது அது எலும்பில் தட்டும்,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல.

டக்கீஸ் அக்காளுடையது, இரண்டு அளவு பெரிசு.
முனையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைச் சுருட்டி அடைத்து
யாருடைய மரண அறிவிப்பின்மேலோ
கட்டைவிரலை ஊன்றி ஓடினேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் பின்னறையில் தமிழ் வகுப்பு.
ஒன்று முதல் பத்து வரைதான் எனக்குத் தங்கியது,
மீதியைத் தூக்கம் தின்றது.
அந்தப் பத்தை வைத்தே ஓடினேன்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு, மூச்சு உள்ளே.
அஞ்சிலிருந்து பத்து வரை வெளியே.
முடிந்தால் மறுபடி ஒண்ணு.
எண்ணூறு மீட்டரில் எத்தனை பத்து என்று
ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.
கூட்டிப் பார்க்கிறவர்கள் நூறு மீட்டர் ஓடுவார்கள்.

கரீஸ் ஃபவுண்டனில் மாவட்டப் போட்டி,
எண்பத்து மூன்று, ஆகஸ்ட்.
எனக்கு முன்னால் ஒரே ஒரு பின்னல்,
ஓவர்போர்ட் ஷெரீனா காதருடையது,
பிடி பார்க்கலாம் என்று முதுகில் குதித்தது.
கடைசி வளைவில்
கை நீட்டினால் பின்னல் எட்டும்.
அஞ்சு. ஆறு. ஏழு.

ஏழு.

ஏழு.

நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார்கள்.
பம்ப்பை எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.
எடுக்கவில்லை.
மூன்று பேர் தாண்டிப் போனார்கள்,
அதில் ஒருத்தி மன்னித்துக்கொள் என்றாள்.
ஐந்தாம் இடம். ரிப்பன் மூன்று பேருக்குத்தான்.
பஸ்ஸில் சாலாட்சி அக்கா கேட்ட முதல் கேள்வி:
டக்கீஸ் கிழிஞ்சிதா?

பிறகு நாற்பது வருஷம் ஓடவில்லை.
பஸ்ஸைப் பிடிக்கக்கூட.
அடுத்த பஸ் வரும்.

போன மார்ச்சில் சர்க்கரை பதினொன்று புள்ளி இரண்டு.
டாக்டர் ரம்பர்சாத் எண்ணைச் சொல்லிவிட்டுப்
பேனாவை மூடினார்.
மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, நார்த் பீச்.
நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது
இந்த மணல் உங்களுக்கில்லை என்று பலகை நின்றது.
நின்ற இடத்தில் இப்போது ஒரு பையன் தண்ணீர் விற்கிறான்.
அங்கே உட்கார்ந்துதான் ஷூ நாடா கட்டுகிறேன்,
வேண்டுமென்றே, நிதானமாக, இரட்டை முடிச்சு.
பம்ப் கழுத்தில் தொங்குகிறது, ஊர் பார்க்க.

ஐந்து கிலோமீட்டர்.
எனக்குப் பின்னால் ஒரே ஒருவன்.
கடைசி ஆளோடு கூட வருவதுதான் அவன் வேலை.
ஆரஞ்சு மேல்சட்டை, பேர் ஸ்போனெலோ,
வயது இருபது இருக்கும்.
துறைமுகத்துக்கு வெளியே
கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன.
அவற்றை மட்டும்தான் நாங்கள் முந்தினோம்.

நாலாம் கிலோமீட்டரில் கேட்டான்:
ஆன்ட்டி, என்ன எண்ணுகிறீர்கள்?
வாய்விட்டா எண்ணினேன்?
அவனும் சேர்ந்துகொண்டான்.
அஞ்சு, ஆறு,
ஏழை ஏலு என்றான். அந்த வயதில்
நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அதற்கப்புறம் என்ன, ஆன்ட்டி?

சொல்ல மூச்சு இல்லை.
இரண்டு கட்டைவிரலையும் மடக்கிக்
கைகளைத் தூக்கிக் காட்டினேன்,
நிற்காமல்.